துண்டுச்சீட்டுக்கு அடங்காதவள்

ஆவணி 3, செவ்வாய்

அவையோரே! பிள்ளைகளைப் பெற்றோரே! ஒரு குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டு உங்கள் முன் நிற்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உண்டாயா என்றால் ‘ம்’. படித்தாயா என்றால் ‘ம்’. அந்த ஒற்றை ஒலிக்குப் பின்னால் எத்தனை அச்சங்கள் பதுங்கிக் கிடக்கின்றன என்று என்றைக்காவது எட்டிப் பார்த்தோமா? பார்க்கவில்லை! நமக்கு நேரமில்லை! வாய் இருக்கிற நமக்குச் செவி இல்லை!

இப்படித் தொடங்கலாமென்று எண்ணுகிறேன். புரட்டாசி நான்காம் நாள் சனிக்கிழமை, என் மகள் நன்முகை படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ‘வளரும் பிள்ளைகளின் கவலைக்குச் செவி கொடுப்போம்’ என்பது தலைப்பு. தலைமையாசிரியர் வீடு தேடி வந்து அழைத்தார்.

“அங்கயற்கண்ணி அம்மா பேசுறாங்கன்னா துறையூரே தெரண்டு வரும். ஒண்ணே ஒண்ணும்மா. சீட்டுக் குடுத்தா மட்டும் முடிச்சிடுங்க” என்று கும்பிட்டார்.

சிரித்துவிட்டேன். மேடையில் பேச்சாளருக்கு நேரம் கடந்துவிட்டால் தலைவர் துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டுவார். நான் அதைப் படிப்பேன், மடிப்பேன், தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைப்பேன், குரலை உயர்த்துவேன். கூட்டம் கைதட்டும். ‘துண்டுச்சீட்டுக்கு அடங்காதவள்’ என்று சுவரொட்டியிலேயே அச்சிடுகிறார்கள். நன்முகை சிறுமியாக இருந்தபோது முன்வரிசையில் அமர்ந்திருப்பாள். சில தலைவர்கள் அவள் கையிலேயே சீட்டைக் கொடுத்தனுப்புவார்கள். மகள் சொன்னாலாவது அடங்குவேனா என்று பார்ப்பார்கள். அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தொடர்ந்து பேசுவேன்.

மாலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நன்முகை வந்து அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றாள். பதினோராம் வகுப்பு சேர்ந்ததிலிருந்து அவள் இப்படி வந்து நிற்பதே அரிது.

“அம்மா, இப்பல்லாம் லஞ்ச்சுக்கு எனக்கு உக்கார எடமே இல்லம்மா. எழிலியும் அவளுகளும் பயாலஜி எடுத்து அந்தப் பக்கம் போயிட்டாளுக. காமர்ஸ்ல எல்லாம் ஏற்கெனவே கூட்டுக் கூட்டா இருக்காளுக. நான் லேப் பக்கத்துப் படியில உக்காந்து சாப்புடுறேன். போற வர்றவ எல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருக்கு. சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

(அவள் பேச்சை அப்படியே எழுதிவிட்டேன். திருத்தக் கை துடிக்கிறது.)

துருவலை நிறுத்தினேன். தனித்து நிற்பவளே தலைநிமிர்ந்து நிற்பாள் என்றேன். மலை தனித்துத்தான் நிற்கிறது, கூழாங்கல்தான் கூட்டமாய்க் கிடக்கிறது என்றேன். நெஞ்சுரம் பற்றியும் தன்மதிப்புப் பற்றியும் எடுத்துரைத்தேன். முழுவதும் கேட்டாள். “சரிம்மா” என்றாள்.

நல்ல பிள்ளை. செவி கொடுத்த நிறைவோடு விளக்கணைக்கிறேன்.

ஆவணி 8, ஞாயிறு

முசிறிக் கூட்டம். நல்ல கூட்டம். இளையோர் நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே சொற்கள் தாமாக வந்து விழுந்தன: “எனக்கு நெருங்கிய ஒரு பெண்பிள்ளை! ஆய்வுக்கூடத்துப் படிக்கட்டில் ஒண்டியாக அமர்ந்து, தொண்டைக்குள் இறங்காத சோற்றோடு போராடுகிறாள்! சோறே, நீ ஏன் இறங்கவில்லை? தோழமை இல்லாமல் இறங்கமாட்டாயோ?” முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்தார்கள். சீட்டு வந்தது. குவளைக்கு அடியில் போனது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் மணிமாறன் நன்முகையின் சீருடைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். மின்வாரிய வேலையிலிருந்து வந்த கையோடு இதையும் அவர்தான் செய்வார். கூட்டத்தினர் காணொலியை அதற்குள் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்; அவரும் பார்த்திருந்தார்.

“அது நம்ம பாப்பா சொன்னதுல்ல?”

“பெயர் சொல்லவில்லையே” என்றேன்.

அவர் கழுத்துப்பட்டையைத் திருப்பிப்போட்டுத் தேய்த்தார்.

நாளை நீரேற்றும் பொறியைப் பழுதுபார்க்க ஆள் வருகிறார்.

ஆவணி 10, செவ்வாய்

காணொலியைப் பல்லாயிரவர் பார்த்திருக்கிறார்களாம். நன்முகை இரவு உணவு வேண்டாமென்றாள். வெயில் கடுமை.

ஆவணி 12, வியாழன்

சமையல் எரிவளி உருளை வந்தது. அரிசி புடைத்தேன்.

நன்முகை பள்ளியிலிருந்து வந்தாள். பள்ளி எப்படி இருந்தது என்றேன். ‘ம்’ என்றாள். அவளுடைய உணவுப்பெட்டி வெறுமையாக, கழுவித் துடைத்து வந்திருந்தது. “பார்த்தாயா! துணிவு பிறந்தவுடன் பசியும் பிறந்துவிட்டது” என்றேன். தெருமுனையில் யாரோ ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருக்க, பேருந்துக்குள்ளிருந்து ஒருவர் பார்த்தபடி கடந்து போவாரே, அப்படி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆவணி 16, திங்கள்

எழுதத் தயங்குகிறேன். எழுதிவிட்டால் மெய்யாகிவிடுமோ என்று தோன்றுகிறது.

பள்ளியிலிருந்து வந்ததும் நன்முகை அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். அந்தத் தாழ்ப்பாள் விழும் ஓசை அடுக்களைவரை கேட்கிறது.

சென்ற மாதம் வேறோர் ஊரில் இரங்கல் கூட்டம் ஒன்றில் பேசினேன். பள்ளி மாணவி ஒருத்தி. என் குரல் நடுங்கவில்லை. அன்று நான் பேசியது நெருப்பு என்றார்கள். அந்தப் பெண்ணின் தாய் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். அழவில்லை. “நல்லாத்தான் இருந்துச்சு, சாப்டுட்டுத்தான் உள்ள போச்சு” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் நெருப்பு முழுவதும் மறந்துவிட்டது. அவள் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

இன்று துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டிய இடத்தையே மீண்டும் மீண்டும் கூட்டியபடி அவள் கதவருகே நின்றேன். உள்ளே ஓர் ஓசையும் இல்லை. கதவைத் தட்டலாம். தட்டி, என்ன சொல்வது?

ஆவணி 18, புதன்

நண்பகலில் பள்ளியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி: தங்கள் மகள் இன்று வருகை தரவில்லை.

காலையில் சீருடையோடு, பையோடு, எலுமிச்சைச் சோற்றோடு என் கண்முன்தான் புறப்பட்டாள். மாலையில் அதே சீருடையோடு, அதே பையோடு, கழுவிய பெட்டியோடு வந்தாள்.

“பள்ளி எப்படி இருந்தது?”

“ம்.”

ஆட்சியாளர்களை நாற்சந்தியில் நிறுத்திக் கேள்வி கேட்டவள் நான். ‘எங்கே போயிருந்தாய்?’ என்று என் மகளைக் கேட்க எனக்கு நா எழவில்லை. கேட்டால் என்ன விடை வருமோ என்ற அச்சம். மணிமாறனிடமும் சொல்லவில்லை.

ஆவணி 19, வியாழன்

இன்றும் அதே செய்தி. மணிமாறனிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளிறிப்போனது. உடனே கருவிப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். திருகாணித் துளைகளில் குளிக்கும் வழலைக்கட்டியைத் தேய்த்து அடைத்தார். வெள்ளைப் புள்ளிகளாய் அவை கதவிலிருந்து எங்களைப் பார்த்தன.

வந்ததும் நன்முகை கண்டுகொண்டாள்.

“தாழ்ப்பா எங்க?”

“துருப்பிடித்திருந்தது” என்றேன்.

“பொங்கலுக்குத்தான மாத்துனது? அதுக்குள்ள எப்புடித் துரு?”

மணிமாறன் கூரையைப் பார்த்தார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

உணவின்போது இனியும் தள்ளிப்போடலாகாது என்று பேசத் தொடங்கினேன். பெற்றோரிடம் மறைப்பதால் வரும் கேடுகளைச் சொன்னேன். நம்பிக்கை என்பது இருபுறமும் ஓடும் ஆறு என்றேன். நன்முகை எட்டி, நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தாள். பின்பக்கம் ஏதோ எழுதி என் முன் நகர்த்தினாள்.

நேரம் முடிந்தது.

மணிமாறனுக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. கை தன் பழக்கத்தில் அந்தத் தாளை மடித்து, தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தது. வாய் தன் பழக்கத்தில் தொடர்ந்தது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஆவணி 20, வெள்ளி

காலையில் பின்தொடர்ந்தேன். கடைத்தெருக் கூட்டத்தில் தவறவிட்டேன். மீண்டும் செய்தி வந்தது. மாலை அவள் செருப்பொலி கேட்கும்வரை வாசலைவிட்டு நகரவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது.

ஆவணி 22, ஞாயிறு

கதவு இப்போது சாத்தியிருக்கிறது, தாழில்லை. ஆயினும் அச்சம் குறையவில்லை. தாழ்ப்பாளோடு அச்சத்தைக் கழற்றிவிடலாம் என்று எண்ணியிருந்தோம் போலும்.

ஆவணி 23, திங்கள்

நண்பகலில் மணிமாறன் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். அவரோடு பணிபுரியும் செல்லமுத்து, மலையடிவாரத்துச் சாலையில் மின்கம்பத்தில் ஏறியிருந்தபோது கீழே நின்ற நகரப் பேருந்தைப் பார்த்திருக்கிறார்.

“சன்னலோரம் ஒக்காந்து பாப்பா சாப்புட்டுக்கிட்டிருந்துச்சாம். ‘சார், பஸ்ஸுல ஒத்தப் புள்ள, அதான் சொல்றேன்’ங்கிறாப்ல. போன வாரமும் பாத்தாராம். அடிவாரம் வரைக்கும் போறது, அதே பஸ்ஸுல திரும்பறது. பள்ளிக்கூடம் விடுற நேரம் வரைக்கும்.”

அப்படியே தரையில் அமர்ந்துவிட்டேன். பேருந்தில் இருக்கிறாள். உயிரோடு, பேருந்தில், சன்னலோரம் இருக்கிறாள்.

“நாளைக்கு நீ போ அங்கை. ஆனா வாயத் தொறக்காத.”

“திறக்காமல் எப்படி?”

“டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் காசே கெடையாது. டிக்கெட்டுகூடக் கேக்க வேண்டாம், அவனே குடுப்பான். அப்பறம் எதுக்கு வாய்?”

ஆவணி 24, செவ்வாய்

ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

அடிவாரப் பேருந்தில் பின்னிருக்கைக்கு முன்னிருக்கையில், சன்னலோரம் நன்முகை அமர்ந்திருந்தாள். நான் ஏறியதைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. இறங்கிவிடுவாளோ என்று அஞ்சினேன். பக்கத்தில் அமர்ந்தேன். மடியிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

எனக்குள் மூன்று தொடக்கவுரைகள் ஒன்றையொன்று முண்டியடித்துத் தொண்டைக்கு வந்தன. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து நீட்டினார். உற்றுப் பார்த்தார். “அம்மா, நீங்க மேடையில பேசுறவுகதானே? என்னம்மா, சத்தத்தையே காணோம்? தொண்டை கட்டிருச்சா?”

“ம்” என்றேன்.

நன்முகை சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏரிக்கரை போனது. செங்கற்சூளை போனது. உணவுப்பெட்டியைத் திறந்து உண்ணத் தொடங்கினாள். சோறு இறங்கியது, நான் கண்ணால் பார்த்தேன்.

“ஏதாச்சும் சொல்லேன்.”

தலையாட்டி மறுத்தேன்.

“திட்டவாவது செய்யி.”

மீண்டும் மறுத்தேன்.

“அப்பா சொல்லி அனுப்புனாரா, பேசாதன்னு?”

“ம்.”

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் உடைந்தது. சன்னலைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள்.

“இப்ப அந்தப் படியில உக்காந்தா ஃபோன்ல வீடியோ எடுக்குறாளுங்கம்மா. ‘சோறே, நீ ஏன் எறங்கல’ன்னு ஒன் கொரல்லயே பேசிக் காட்டுறாளுங்க. கிளாஸ்ல என் பேரே சோறுன்னு ஆயிருச்சு. எழிலி வந்து சாரி கேட்டா. ஒங்கம்மா பேசுனதப் பாத்துத்தான்டி தெரிஞ்சுதுன்னு அழுதா. அவ அழுதா நான்ல சமாதானப்படுத்த வேண்டியிருக்கு? மொத ஒரு வாரம் சோத்த நாய்க்குப் போட்டுட்டு டப்பாவக் கழுவிக்கிட்டு வந்தேன். அப்பறம் உள்ளயே போக முடியல. கேட்டுக்கிட்டப் போனாலே கையெல்லாம் வேர்த்து நெஞ்சு அடிச்சுக்குது. அதான் பஸ்ஸு. இங்க யாரும் பாக்க மாட்டாங்க. பாத்தாலும் எறங்கிப் போயிருவாங்க.”

முந்தானை நனைந்திருந்தது.

“நான் ஒங்கிட்டதாம்மா சொன்னேன். ஊருக்குச் சொல்லல.”

பேருந்து மேடு ஏறியது. நடத்துநர் யாருடனோ சில்லறைக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார். அவள் என் கையைப் பார்த்தாள். அது அவள் பையின் வாரை இறுகப் பற்றியிருந்தது.

“தாழ்ப்பாள ஏன் கழட்டுனீங்க? நான் ஏதாச்சும் பண்ணிக்குவேன்னா?”

பொய் சொல்ல வாயில்லை. “ம்” என்றேன்.

சன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அப்புடி நெனப்பு எனக்கு வரலம்மா. ஆனா என்னைக்காச்சும் வந்துருச்சுன்னா அத யார்கிட்டச் சொல்றதுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒரு ஆளும் தோணல. அதுதான் பயமா இருந்துச்சு.”

வாழ்நாளில் எத்தனையோ பேர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை இப்படி உறைய வைத்ததில்லை. தோளைச் சாய்த்து அவள் தோளில் ஒட்டிக்கொண்டேன். விலகவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த எலுமிச்சைச் சோற்றை உருட்டி என் கையில் வைத்தாள்.

அடிவாரத்தில் எல்லாரும் இறங்கினார்கள். “நீங்க எறங்கலியா?” என்றார் நடத்துநர்.

“திரும்பித்தாண்ணே போறோம்” என்றாள் நன்முகை.

ஆவணி 26, வியாழன்

தாழ்ப்பாளை மணிமாறன் மீண்டும் பொருத்தினார். துளைகளிலிருந்து வழலையைக் குடைந்தெடுக்கத்தான் நேரம் பிடித்தது.

நன்முகை ஓர் ஏற்பாடு சொன்னாள். தாழிட்டிருக்கும்போது எனக்கு அச்சம் வந்தால் கதவை ஒருமுறை தட்டலாம். அவளும் உள்ளிருந்து ஒருமுறை தட்டுவாள். அவ்வளவுதான். பேச்சு கூடாது. “அச்சமா இருக்குன்னு நீயும் சொல்லலாம்மா, தப்பில்ல” என்றாள். அச்சம் என்றாள். என் சொல்லில் எனக்குச் சொன்னாள்.

இன்று மாலை மூன்று முறை தட்டினேன். மூன்றாம் முறை, “ம்மா, அரை மணிக்கு ஒருக்கான்னா பரவால்ல” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

முசிறி அமைப்பாளரிடம் காணொலியை நீக்கச் சொன்னேன். “அதாம்மா நம்ம பேஜ்லயே அதிகம் பேர் பாத்தது” என்று வருந்தினார். நீக்கினார். படியெடுத்தவர்கள் கையில் அது இருக்கத்தான் செய்யும். நன்முகைக்கும் அது தெரியும்.

ஆவணி 27, வெள்ளி

அவள் கேட்டுக்கொண்டபடி மணிமாறன் மட்டும் அவளோடு போய் வகுப்பாசிரியையைப் பார்த்தார். படியருகே கைப்பேசி எடுத்த பிள்ளைகளை ஆசிரியை தனியே அழைத்துப் பேசுவாராம். நான் வீட்டில் பருப்பு ஆய்ந்தேன்.

ஆவணி 30, திங்கள்

பள்ளிக்குப் போனாள். வாயிலில் நெஞ்சு அடித்துக்கொண்டால் நின்று, மூச்சை மெல்ல விட்டுவிட்டுப் பிறகு காலெடுத்து வைக்கும்படி ஆசிரியை சொல்லியிருக்கிறார். கைப்பேசி ஒலித்தபோதெல்லாம் செத்துப் பிழைத்தேன். கடன் வேண்டுமா என்று ஒருத்தி அழைத்தாள். அவளிடம் நன்றி சொன்னேன்.

மாலையில் பெட்டியைக் கழுவாமல் கொண்டுவந்து வைத்தாள். பாதிச் சோறு மிச்சம். “பாதிதாம்மா எறங்குச்சு. கடைசி பெஞ்சுல ஒருத்தி இருக்கா, தேன்கனி. அவளும் தனியாத்தான் சாப்புடுறா. நாளைக்குக் கேக்கலாமான்னு இருக்கேன்.”

‘கேள்’ என்று சொல்ல வாயெடுத்தேன். “ம்” என்றேன்.

புரட்டாசி 4, சனி

முந்தாநாள் நன்முகையிடம் இசைவு கேட்டேன், பேசலாமா என்று. “பேசு. ஆனா பேச்சுல நான் இல்லாமப் பேசு” என்றாள்.

மேடை ஏறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். முன்பு ஒருபோதும் பற்றியதில்லை. பின்வரிசைக்கும் பின்னால், தண்ணீர்க் குடத்தருகே மாணவியர் நின்றார்கள். அவளும் நின்றாள், பக்கத்தில் ஒரு குள்ளமான பெண், தேன்கனிதான் போலும்.

“அவையோரே! பிள்ளைகளைப் பெற்றோரே!” என்று தொடங்கினேன். குரல் வந்தது. அரங்கம் என் பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்; அதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும், கண்ணீர் வேண்டும். என்னை மீறி என் நாக்கு எழுந்தது. “அன்றொரு நாள், ஒரு பேருந்தில்...”

சொல்லிவிட்டேன். அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

பின்னாலிருந்து ஒரு தாள் கைமாறிக் கைமாறி வந்தது. பெற்றோர்கள் அதை முன்னே கடத்தினார்கள். தலைமையாசிரியர் வாங்கி, குழம்பிப்போய் என் முன் வைத்தார். நாட்காட்டித் தாள். எனக்குத் தெரிந்த கையெழுத்து.

நேரம் முடிந்தது.

பேசத் தொடங்கி ஐந்து மணித்துளிகூட ஆகவில்லை. என் வழக்கம் அறிந்தவர்கள் சிரித்தார்கள்; சிலர் கைதட்ட ஆயத்தமாகக் கையை உயர்த்திவிட்டார்கள். எல்லார் கண்ணும் தண்ணீர்க் குவளை மேல்.

தொலைவில் அவள் முகம் தெரிந்தது. முன்வரிசையில் அமர்ந்து சீட்டு கொண்டுவந்த சிறுமியின் முகம். அன்றும் அவள் அஞ்சியபடிதான் வந்திருப்பாள். நான் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தொடர்ந்திருக்கிறேன். இன்று தொடர்ந்தால் அவள் மீண்டும் அந்தப் பேருந்தில் ஏறிவிடுவாள். இம்முறை பக்கத்து இருக்கை எனக்குக் கிடைக்காது.

சீட்டைக் குவளைக்கு அடியில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்:

“பெற்றோரே! எனக்குச் சீட்டு வந்துவிட்டது. இது என் ஒருத்திக்கு வந்த சீட்டன்று. கைதட்டாதீர்கள். கண்ணைத் துடைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் இதோ, உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். எழுந்திருங்கள். கையிலிருக்கும் அறிவுரையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்திருங்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதை ஊருக்குச் சொல்லாதீர்கள், உறவுக்குச் சொல்லாதீர்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், வீட்டுக்குப் போய் என்று தள்ளாதீர்கள். இப்போதே! திரும்புங்கள்! போங்கள்!”